பெட்டி இல்லாத போட்டுக்குத் தோள் கிடையாது

வைத்திக்குப்பம், புதுச்சேரி
வைகாசி மாதம், 2009

அன்பு மகள் அன்புசெல்விக்கு அம்மா தில்லையம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா சரிதாவும் மாப்பிள்ளை அய்யப்பனும் உயிரோடும் உப்போடும் இருக்கிறோம், அங்கே நீயும் காது மூக்கு விரல் எதுவும் பனியில் உதிராமல் அதது இருந்த இடத்தில் இருக்க நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாராவது சொல்லி உனக்குத் தெரிந்தால் எனக்கு அசிங்கம். பெரிய மார்க்கெட்டில் உன்னை நான் டீச்சராக்கிவிட்டேன். சின்னவ எங்கே என்று யாராவது கேட்டால் மலை ஏறுகிறாள், மற்றவர்களுக்கும் ஏறச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று சொல்லத்தான் வாயைத் திறப்பேன், அதற்குள் பக்கத்துக் கூடை குஞ்சம்மாள், மலை மேல இன்னாடி இருக்குது, கோயிலா மீனா, சும்மா ஏறி எறங்குறதுக்கா சம்பளம் குடுக்குறான் என்று கேட்பாள். எனக்கே பதில் தெரியாத கேள்விக்கு நான் எங்கே போவேன். வடக்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று சொல்லிவைத்தேன். இப்போது அவள் பேரனுக்குக் கணக்கு வரவில்லையாம், நீ ஊருக்கு வரும்போது சொல்லிக்கொடுக்க வேண்டுமாம், சரி என்று சொல்லிவிட்டேன். வாய்ப்பாட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டு வா. இன்னொரு சேதி, சரிதா முழுகாமல் இருக்கிறாள். மீன் வாசனை பிடிக்கவில்லையாம். மீன்காரி பெண்ணுக்கு, மீன்காரன் பெண்டாட்டிக்கு, மீன் வாசனை பிடிக்கவில்லை. அவளை எந்த வீட்டில் கொண்டுபோய் உட்கார வைப்பது என்று தெரியாமல் ஊதுவத்தி கொளுத்தி வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது, விஷயம்தான் முள்ளாகக் குத்தியது. போனில் பேசலாம் என்றால் உன் லைன் பாதி வார்த்தையைத் தின்றுவிடுகிறது, அதனால் என் மூணாங்கிளாஸ் எழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், தப்பு இருந்தால் நீதான் டீச்சர், திருத்திக்கொள். அடுத்த மாதம் கங்கோத்ரிப் பக்கம் ஒரு சிகரத்துக்கு ஏழெட்டுப் பேராகப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். மலை ஏறுகிறவர்கள் எல்லாரும், ஆபத்து வந்தால் நாம் இருக்கிற இடத்தை வானத்துக்குச் சொல்கிற அந்தப் பெட்டியைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் போடலாமா என்று உங்கள் சங்கத்தில் கேட்டார்கள் என்றும், கூடாது என்று எழுதிய தாளில் முதல் கையெழுத்து உன்னுடையது என்றும், இந்தத் தடவை உன் பையில் அதை வைக்கப்போவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். காரணமும் வரிசையாகப் போட்டிருக்கிறாய். எடை கூடும் என்கிறாய். பெட்டி இருக்கிற தைரியத்தில் ஏறத் தெரியாதவனெல்லாம் ஏறுவான், கால் கொப்புளத்துக்கெல்லாம் பொத்தானை அழுத்துவான், அவனைக் காப்பாற்ற வருகிறவன் சாவான் என்கிறாய். மலையில் நாம் இருக்கிற இடம் யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் மலைக்குப் போவதன் அர்த்தமே, என் உயிர், என் முடிவு என்கிறாய். எடை என்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பத்து வயதில் என் தலையிலிருந்து சங்கரா மீன் கூடையைப் பிடுங்கிச் சுமந்தவள், சோப்பு டப்பா அளவு சாமானுக்கு எடை பேசுகிறாயே. மற்றதற்கு நான் சிரிக்கவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. நம் குப்பத்திலேயே போட்டுக்காரர்களுக்கு மீன்துறை அந்த மாதிரிப் பெட்டி கொடுத்த புதிதில், நடுக்கடலில் பீடிக்கு நெருப்பில்லை என்று பொத்தானை அழுத்தப்போன ஒருத்தனை எனக்குத் தெரியும், பேர் சொன்னால் அவன் பெண்டாட்டி சண்டைக்கு வருவாள்.

எதற்கும் விவரம் தெரிந்த ஆளைக் கேட்போம் என்று சொல்தா தேவதாஸ் ஐயா வீட்டுக்கு மீன் கொண்டுபோனபோது கேட்டேன். உனக்குத்தான் தெரியுமே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் பனி மலைப் பக்கம் இருந்துவிட்டு வந்தவர், இப்போது பென்ஷன் வாங்குவதும் என் மீனைக் குறை சொல்வதும்தான் வேலை. அவர் என்னவோ உன் கட்சி. அங்கேயும் இதே சண்டைதான் தில்ல, பாதிப் பேரு கட்டாயம்ன்றான், பாதிப் பேரு லிபர்த்தேன்றான், உம் பொண்ணு சொல்றது லிபர்த்தே என்றார். அப்டின்னா இன்னாங்க ஐயா என்றேன். சுதந்திரம் என்றார். சரிங்க ஐயா, அந்த சுதந்திரத்துக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். மனுஷன் அன்றைக்குப் பேரம் பேசாமல் வஞ்சிரத்துக்குக் காசைக் கொடுத்துவிட்டார். பிறகுதான் எனக்கே உறைத்தது, நான் உன் மலையைக் கேட்கப் போய் நம் கடலைப் பேசிவிட்டு வந்திருக்கிறேன் என்று.

இதுவரைக்கும் எழுதியதை நின்றுகொண்டே படித்திருந்தாலும் பரவாயில்லை, இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி. உங்கப்பா அய்யப்பனைத் தேடிப் போய்த் திரும்பி வரவில்லை என்பது உனக்குத் தெரியும். காரியத்துக்கு நீ வந்திருந்தபோது மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சரிதாவும் சொல்லாதம்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நம் போட்டுக்குக் கொடுத்த பெட்டி வீட்டில்தான் இருந்தது அன்பு. அய்யப்பன் தெற்கே கடலுக்குள் ஒரு பாரு கண்டுபிடித்திருந்தான், அடியில் கல்லும் கல்லைச் சுற்றி மீனுமாக நல்ல இடம், உங்கப்பாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. நம் ஆட்கள் பெண்டாட்டி நகையை ஒளித்த இடத்தைக்கூடச் சொல்வார்கள், மீன் இருக்கிற இடத்தைச் சொல்ல மாட்டார்கள். இந்தப் பெட்டி நாம் நிற்கிற இடத்தை வானத்துக்குச் சொல்லும், வானம் ஆபீசுக்குச் சொல்லும், ஆபீசிலிருந்து எப்படியும் தேங்காய்த்திட்டு விசைப்படகுக்காரன் காதுக்குப் போய்விடும், நாளைக்குக் காலையில் நம் பாருக்கு மேலே பத்து படகு நிற்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். அதனால் பாருக்குப் போகிற நாளில் மட்டும் பெட்டியை ஒரு லுங்கியில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவானாம். பொத்தானை அழுத்தினால்தான் அது பேசும், மற்ற நேரம் சும்மாதான் கிடக்கும் என்று கொடுத்த அன்றைக்கே ஆபீசர் சொன்னார். ஷாமியானா போட்டு மைக் வைத்துக் கைதட்டின சத்தத்தில் அது யார் காதில் விழுந்தது.

ஐப்பசி மாதக் கடல், காற்று திரும்பிவிட்டது, காலையில் போனவன் வரவில்லை. நம் குப்பத்து வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரு போட்டு வரவில்லை என்றால் மற்ற போட்டுக்காரனெல்லாம் வலையைக் கரையில் இறக்கிப் போட்டுவிட்டு வெறும் போட்டோடு தேடக் கிளம்புவான், ஆள் கிடைக்கிறவரைக்கும் குப்பத்தில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. நம் போட்டுதான் அய்யப்பனோடு கடலில் இருக்கிறதே, அதனால் உங்கப்பா, நம் குப்பத்துக் கண்ணையனின் போட்டில் அவனோடு ஏறினார். கண்ணையன் போட்டுக்கு அப்போது பெட்டி வந்திருக்கவில்லை. சரிதா அழுதுகொண்டே அரிசி டிரம்மைக் காட்டினாள், நான் லுங்கியைப் பிரித்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஈர மணலில் ஓடினேன். இந்தாங்க, இதக் கொண்டுபோங்க என்று நீட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஏய், இது நம்ம போட்டு நம்பருக்குக் குடுத்ததுடி, கண்ணையன் போட்டுல கொண்டுபோனா தப்பாயிடும், நாளைக்கு ஆபீசர் கேட்டா இன்னா சொல்லுவே, உள்ள கொண்டுபோய் வையி என்றார். பஸ்ஸில் ஒருத்தர் டிக்கெட்டில் இன்னொருத்தர் போகக் கூடாது என்கிற மாதிரி. செத்துப்போன தன் அம்மா பேரில் ரேஷன் கடையில் வருஷக் கணக்காகச் சர்க்கரை வாங்கிச் சாப்பிட்ட மனுஷன், சட்டத்துக்குப் பயந்தது அந்த ஒரு தடவைதான். எல்லாரும் தோள் கொடுத்துப் போட்டைத் தள்ளினார்கள். நானும் தள்ளினேன், ஒரு கையால். இன்னொரு கையில் பெட்டி.

அய்யப்பனுக்கு ஆனதெல்லாம் எஞ்சின் நின்றதுதான். காற்று தெற்கே தள்ளிக்கொண்டு போக, ஒரு கடலூர் விசைப்படகு பார்த்துக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்த்தது. யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, குப்பத்தில் எல்லாரும் திட்டுவார்கள் என்று வழி நெடுக பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்தானாம். வந்தால் யாரும் திட்டவில்லை. அதிலேயே எனக்குத் தெரிஞ்சிபோச்சி அத்த என்றான். அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நானும் எழுத மாட்டேன். சில நாள் சோற்றைப் போடும்போது தட்டு கொஞ்சம் சத்தமாகத்தான் விழும். ஆனால் அவன் சாப்பிடாமல் எழுந்துபோனால் எனக்கும் இறங்குவதில்லை.

கண்ணையன் மட்டும் பிழைத்து வந்தான் என்பதும், வந்தவன் யார் முகத்திலும் விழிக்காமல் பிள்ளைச்சாவடியில் தன் தங்கை வீட்டோடு போய் இருந்துவிட்டான் என்பதும் உனக்குத் தெரியும். மாசி மகத்துக்கு அத்தனை சாமியும் நம் கடற்கரைக்கு வந்தபோதுகூட அவன் வரவில்லை, நானும் வெளியே போகவில்லை. உன் கடிதம் வந்த மறுநாள், மார்க்கெட்டிலிருந்து வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், எதிரே வந்து நிற்கிறான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, தண்ணீர் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டே பேசினான். அலை புரட்டிப் போட்டதும் இரண்டு பேரும் கவிழ்ந்த போட்டின் மேல் தொற்றிக்கொண்டார்களாம். உங்கப்பா பேசிக்கொண்டே இருந்தாராம். வாயெல்லாம் ஒரே உப்புடா, தில்ல வச்ச கொழம்புதான் இது என்றாராம். நடுக்கடலில் செத்துக்கொண்டிருக்கும்போதும் என் குழம்பு. அப்புறம், எஞ் சின்னப் பொண்ணு இந்நேரம் மலை மேல நின்னுக்கிட்டிருப்பா, அங்கேர்ந்து பாத்தா நம்ம தெரிவமாடா என்று கேட்டாராம். அடுத்த நாள் தேடுகிற போட்டுகள் தெரிந்தனவாம். வேறு யாரும் இல்லை, நம் குப்பத்துப் போட்டுகள்தான், பெயின்ட்டைப் பார்த்து இது யாருடையது அது யாருடையது என்று சொல்கிற தூரம். கண்ணையன் சட்டையைக் கழற்றி ஆட்டினான், கத்தினான். அத்தனை அலைக்கு நடுவில் இரண்டு தலை யார் கண்ணுக்குத் தெரியும். திரும்பிப் போய்விட்டார்கள். அப்போதுதான் உங்கப்பா, பொட்டிய வாங்கியாந்திருக்கலாம்டா கண்ணையா, அவ நீட்டினாடா, ஆபீசர் திட்டுனா திட்டிட்டுப் போறான் என்றாராம். அதற்கப்புறம் பேச்சில்லை. பேச்சு நின்னதும் எனக்குப் பயமாயிடுச்சி அண்ணி, திரும்பிப் பாத்தேன், அவரு புடிச்சிக்கிட்டிருந்த எடத்துல கையக் காணும் என்றான். பிறகு இன்னொரு போட்டு கிட்டத்தட்ட மோதுகிற மாதிரி வந்ததில் கண்ணையன் பிழைத்தான், அவ்வளவுதான். சொல்லி முடித்துவிட்டுத் தண்ணீரை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனான். நான் அழுதேனா என்று கேட்காதே. கழுவின கூடையையே எடுத்து மறுபடியும் கழுவினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குப்பத்துப் பஞ்சாயத்து கூடியது. எல்லாப் போட்டுக்கும் ஒருவழியாகப் பெட்டி வந்துவிட்டது, ஆனால் பாதிப் பேர் அதை வீட்டில்தான் வைத்துவிட்டுப் போகிறார்கள், கட்டாயமாக்கலாமா என்று பேச்சு. பொம்பளைகள் வேப்ப மரத்தடியில் ஓரமாக நிற்க வேண்டியது, பேசக் கூடாது, நான் நின்றேன், பேசினேன். உன் தாளில் இருக்கிற அதே காரணத்தைத்தான் இங்கேயும் சொன்னார்கள், உங்கள் சங்கத்துக்கும் நம் பஞ்சாயத்துக்கும் வேட்டிதான் வித்தியாசம். ஒருத்தன் எழுந்து என் போட்டு என் இஷ்டம் என்றான். உம் போட்டு உன் இஷ்டந்தான் ராசா, தோளு எங்களோடது, பொட்டி இல்லாத போட்டுக்கு யாரும் தோள் குடுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க, தனியாத் தள்ளிக்கிட்டுப் போவட்டும் என்றேன். அப்போது அய்யப்பன் எழுந்தான். மாமனார் போனதிலிருந்து கடல் பக்கமே போகாமல் ஐஸ் தூக்கிக்கொண்டிருந்தவன், கூட்டத்தில் வாயே திறக்காதவன். நான்தான் பொட்டிய வச்சிட்டுப் போனேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். எதுக்கு வச்சிட்டுப் போனேன்னா என்று ஆரம்பித்து, லைட்டவுசும் மில்லுப் புகைபோக்கியும் எப்படிச் சேர்ந்து தெரிகிறபோது வலையை இறக்க வேண்டும் என்று பாருக்கு அடையாளம் முழுக்கச் சொல்லிவிட்டான். இனிமே மறைக்க ஒன்னுமில்ல, பொட்டிய எடுத்துக்கிட்டுப் போங்க என்று உட்கார்ந்துவிட்டான். வயசான ஆட்களே தலையைக் குனிந்துகொண்டார்கள். தீர்மானம் ஆனது. மறுநாளிலிருந்து அய்யப்பனும் மறுபடி கடலுக்குப் போகிறான், பெட்டியோடு. அந்தப் பாருக்கு இன்றுவரை ஒருத்தனும் போகவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். என் உயிர் என் முடிவு என்று எழுதியிருக்கிறாய். அய்யப்பனும் அப்படித்தான் நினைத்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, பஸ்ஸில் வந்து இறங்கினானே. நீ ஒரு நாள் கூடாரத்துக்குத் திரும்பவில்லை என்றால் உன்னோடு வந்த பிள்ளைகள் சரி அவள் முடிவு என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்களா? தேடுவார்கள். எங்கே என்று தெரியாமல் தேடுவார்கள். அவர்கள் வீட்டிலும் ஒருத்தி ஈரக் கூடையோடு நிற்பாள். அநாவசியமாகப் பொத்தானை அழுத்துகிறவனைக் காப்பாற்ற வருகிறவனுக்காக இரக்கப்பட்டு எழுதியிருக்கிறாய், அது நல்ல மனசு, உங்கப்பா மனசு, ஆனால் பெட்டியே இல்லாதவனைத் தேடி வருகிறவனை அந்தத் தாளில் எந்த வரியிலும் காணோம். யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்கிற உன் ஆசையை நான் கேலி பண்ணவில்லை, கடலுக்குப் போகிறவனுக்கும் அந்த ருசி உண்டு, இல்லாவிட்டால் கரையில் இத்தனை வேலை இருக்கும்போது ஏன் போகிறான். நீ அழுத்தாதவரைக்கும் அது உன்னைக் காட்டிக்கொடுக்காது. ஊமை மாப்பிள்ளை மாதிரி பையில் கிடக்கும், கிடந்துவிட்டுப் போகட்டும். கையெழுத்தை எடுத்துவிடு என்று கேட்கிறேன். எடுக்க மனசு வரவில்லையா, கையெழுத்து கிடக்கட்டும், சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் நீ பெட்டியை எடுத்துக்கொண்டு போ. உன்னை ஏறாதே என்று நான் என்றைக்காவது சொன்னேனா? கடலுக்கு ஆழம் இருக்குற மாதிரி அதுக்கு ஒசரம் இருக்குது, அவ்ளோதான தில்ல, போவட்டும் என்று உங்கப்பா சொன்னதோடு சரி, நான் அழுவதை விட்டுவிட்டேன். இப்போதும் ஏறு. நான் வந்து தோள் கொடுக்க அங்கே வழியில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அய்யப்பனிடம் போனில் பேசு, பெட்டி கதையை நீயாக எடுக்காதே, அவன் எடுத்தால் கேட்டுக்கொள்.

நம் குப்பத்து மாரியாத்தாவும் கடலம்மாவும் உன் கால் வைக்கிற இடமெல்லாம் கெட்டியாக வைக்கட்டும். நீ நூறு மலை ஏறு, நூற்றொரு தடவை இறங்கு. மேலே போகிற நாளையும் இறங்குகிற நாளையும் முன்கூட்டியே போன் போட்டுச் சொல்ல மறக்காதே, காலுறையை ஈரத்தோடு போடாதே, உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

ஆயிரம் முத்தத்தோடு உன் அம்மா,
கு. தில்லையம்மாள்

கடிதத்தை ஒட்டுவதற்குள் இது நடந்தது, இதையும் எழுதிவிடுகிறேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டைக் கழுவினேன். அய்யப்பன் கடலிலிருந்து வந்து பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, சரிதாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தான். பெட்டி மேலே உப்புப் பூத்திருந்தது, வெயிலில் வைத்துத் துணியால் துடைத்தேன். சிவப்புப் பொத்தான் ஓரத்தில் அழுக்குப் போகவில்லை, கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தேன், போய்விட்டது. சோறு வடித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தெருமுனையில் ஜீப் வந்து நின்றது, மீன்துறை ஆபீசரும் இரண்டு போலீசும் ஓடி வந்தார்கள். எங்கள் போட்டு ஆபத்தில் இருப்பதாக மெட்ராஸிலிருந்து தகவல் வந்ததாம், இடம் பார்த்தால் எங்கள் வாசலைக் காட்டுகிறதாம். போட்டு எங்கம்மா என்று கேட்டார்கள். கரையில் இருக்குது என்றேன். வீட்டில் யாராவது ஆபத்தில் இருக்காங்களா என்று கேட்டார்கள். வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். யாரும் இல்லீங்க என்று சொல்லி மூன்று பேருக்கும் மோர் கொடுத்து அனுப்பினேன்.